எம்35ஏ2 லாரி: ஐந்து டன் ஆக்சில் மாற்றுவதா, லாக்கர் போடுவதா?

மலைப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொலராடோவில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஏலத்தில் ஒரு எம்35ஏ2 எடுத்தேன். அமெரிக்க ராணுவத்தின் பழைய இரண்டரை டன் லாரி, மூன்று ஆக்சிலுக்கும் இழுவை, மல்டிஃபியூயல் டர்போ இன்ஜின், ஐந்து கியர். பின்னால் இரட்டைச் சக்கரம், டயர் 9.00-20.

வண்டி மேல் எனக்குக் குறை கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஹைவேயில் 90 கிலோமீட்டரைத் தொட்டால் இன்ஜின் 2600 சுற்றில் அலறுகிறது. அதற்கு மேல் கவர்னர் (இன்ஜின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவி) விடாது. இன்னொன்று போன மாதம் நடந்தது. விறகு ஏற்றக் காட்டுப்பாதையில் போனேன். பனி உருகி ஓடிய தண்ணீர் பாதையைக் குறுக்கே அரித்து ஒரு பள்ளம் விட்டிருந்தது. சாய்வாக இறக்கினேன். முன் இடது சக்கரம் அந்தரத்தில் நின்றது. பின்னால் வலது பக்கச் சக்கரங்கள் இரண்டு ஆக்சிலிலும் சேற்றில் வழுக்கின. ஆக, மூன்று ஆக்சிலிலும் ஒரு பக்கம் சுற்றுகிறது, மறுபக்கம் சும்மா நிற்கிறது. ஆறு டன் வண்டி ஓர் அடி நகரவில்லை. வின்ச் போட்டு வெளியே வர நாலு மணி நேரம் ஆனது.

இப்போது ஒருவர் பிரித்துப்போட்ட எம்809 என்ற ஐந்து டன் ராணுவ லாரியின் ஆக்சில் மூன்றையும் தருகிறேன் என்கிறார். அதே காசுக்கு என் ஆக்சிலிலேயே லாக்கர் (ஒரு ஆக்சிலின் இடது வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் கருவி) போட்டுக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பல்லும்பினியனும் எழுதியது:

டெக்சாஸில் மெஷின் ஷாப் வேலை. என்னிடமும் ஒரு எம்35ஏ2 இருக்கிறது, பன்னிரண்டு வருடமாக.

முதலில் வேகத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அது வெறும் கணக்கு. உங்கள் ஆக்சில் விகிதம் 6.72. 9.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.1 மீட்டர் போகும். 90 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 484 சுற்று, பிராப்பலர் ஷாஃப்ட் 3250 சுற்று. ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், அதாவது ஷாஃப்டை இன்ஜினை விட வேகமாகச் சுற்றவைப்பது என்பதால் இன்ஜினில் அது 2600-க்குக் கிட்ட வருகிறது. நீங்கள் கேட்கும் அலறல் அதுதான்.

ஐந்து டன் ஆக்சிலின் விகிதம் 6.44. அதே டயரோடு போட்டால் 2600 என்பது 2490 ஆகும், அவ்வளவுதான். இதற்காக மூன்று ஆக்சிலைக் கழற்றி மாட்டுவது வீண். பல்லை மட்டும் மாற்றலாமே என்று கேட்பீர்கள். இந்த ராக்வெல் ஆக்சிலில் இரட்டைக் குறைப்பு இருக்கிறது. மேலே கிரவுன் பினியன், அதற்குக் கீழே சாய்பல் ஜோடி ஒன்று. சாதாரண லாரிக்குக் கிடைப்பதுபோல விதவிதமான விகிதத்தில் பல் செட் கடையில் கிடைக்காது.

டயரை 11.00ஆர்20 ஆக்கினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.35 மீட்டர் வரும். 90-ல் இன்ஜின் சுமார் 2400-க்கு இறங்கிவிடும். ஆக்சில் மாற்றுவதில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் ஒரு சனிக்கிழமை வேலையில். ஸ்பீடோமீட்டர் மட்டும் 8 சதவீதம் குறைத்துக் காட்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

டீசல்வாசம் எழுதியது:

நான் எம்923 வைத்திருக்கிறேன். ஐந்து டன், கம்மின்ஸ் என்எச்சி-250, ஆலிசன் ஆட்டோ கியர். ஐந்து டன் ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவும் சொல்லவேண்டும். பலம் என்றால் பலம். ஹப்பில் பத்து ஸ்டட், அதனால் 395/85ஆர்20, 14.00ஆர்20 மாதிரிப் பெரிய டயருக்கான ராணுவ வீல் நேராக உட்காரும். உங்கள் ஆறு ஸ்டட் ஹப்புக்கு அந்தத் தேர்வு கிடையாது.

ஆனால் பிரேக்கைப் பார்க்காமல் ஆக்சில் வாங்காதீர்கள். உங்கள் எம்35-இல் காற்று ஹைட்ராலிக்கைத் தள்ளுகிறது. எம்809-ம் அதே வகை, அதனால் இவர் தரும் ஆக்சிலை இணைக்க வழியுண்டு. என் வண்டி சேர்ந்த எம்939 குடும்பம் முழுக்க ஏர் பிரேக். சந்தையில் இரண்டும் "ஐந்து டன் ராக்வெல்" என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். விற்பவர் எம்809 என்று சொன்னாலும் டிரம்முக்குப் பின்னால் குனிந்து நீங்களே பாருங்கள். ஹைட்ராலிக் குழாய் நுழைகிறதா, ஏர் சேம்பர் தொங்குகிறதா? சேம்பர் இருந்தால் கம்ப்ரசர், டேங்க், வால்வு, குழாய் என்று பிரேக்கையே புதிதாகக் கட்டவேண்டும்.

இன்னொன்று. பணம் போதவில்லை என்று பின்னால் மட்டும் ஐந்து டன் போட்டு முன்னால் பழையதை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 6.72-க்கும் 6.44-க்கும் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். மாற்றினால் மூன்றையும் மாற்றுங்கள், இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

---

பழைய ஈஎம்ஈ எழுதியது:

தம்பி, நான் இந்திய ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்ஈ பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் எம்35-ஐ நான் தொட்டதில்லை. ஆனால் ராஜஸ்தானில் டட்ரா எட்டுச் சக்கர வண்டிகளோடு பல வருடம் கிடந்திருக்கிறேன். சேஸிஸ் என்று தனியாகக் கிடையாது, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு குழாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அரை ஆக்சில்கள். அதில் ஓட்டுநர் கையிலேயே டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல் அமைப்பு) பூட்டு இருக்கும். ஆக்சிலுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பூட்டு, ஆக்சிலுக்குள் இடது வலதுக்குப் பூட்டு. அதைப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் பள்ளத்தில் நடந்தது என்ன? டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் கொஞ்சம் விசையிலேயே சுற்றிவிடுகிறது. அப்போது உறுதியான மண்ணில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான். ஆக்சில் பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறுமா? மாறாது. ஐந்து டன் ஆக்சில் போட்டிருந்தாலும் அன்று அதே இடத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

அதனால் பூட்டு. ஆனால் பூட்டு இருப்பதும் ஒரு பொறுப்பு. ஒருமுறை மணலில் பூட்டுப் போட்டு ஏறிய ஓட்டுநர் தார் ரோட்டுக்கு வந்தபிறகும் எடுக்க மறந்துவிட்டார். டாஷில் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டறைக்கு வந்தபோது வளைவுகளில் தேய்ந்து டயர் ஓரம் மாவு மாவாக உதிர்ந்தது. அதன்பிறகு எங்கள் பட்டறையில் வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் பூட்டை ஒருமுறை போட்டு, எடுத்து, விளக்கு அணைவதைக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று வைத்தோம்.

டயர் காற்றையும் குறைத்துப் பாருங்கள். மணலில் எங்களுக்கு அதுதான் முதல் மருந்து, பூட்டு இரண்டாவது.

---

புதுசு எழுதியது:

மன்னிக்கவும், அடிப்படையான கேள்வி. எம்35-க்குப் போடும் டெட்ராய்ட் லாக்கரில் சுவிட்ச் எதுவும் இல்லை, எப்போதும் பூட்டியே இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் வளைவில் எப்படித் திரும்பும்?

---

பல்லும்பினியனும் எழுதியது:

நல்ல கேள்வி. என் மேசையில் பிரித்துவைத்த ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல் சக்கரங்களான ஸ்டார் பினியன்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இது உட்காருகிறது. நடுவில் ஒரு வளையம், அதன் இரண்டு முகத்திலும் கோட்டைச்சுவர் மாதிரி சதுரப் பல். இரண்டு பக்கமும் அதே பல்லோடு ஒவ்வொரு தட்டு. ஸ்பிரிங் அந்தத் தட்டுகளை நடு வளையத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. நேராகப் போகும்போது எல்லாம் கோத்துக்கொண்டு ஒரே கட்டையாகச் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போகவேண்டும், அதனால் அது முந்துகிறது. முந்தும்போது நடுவில் இருக்கும் சரிவான பல் அந்தப் பக்கத் தட்டை வெளியே தள்ளிவிடும். ஒரு வளையம் அதைத் திரும்பக் கோக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெளிச் சக்கரம் சும்மா உருள, இன்ஜின் இழுவை முழுக்க உள் சக்கரத்துக்குப் போகும். வளைவு முடிந்ததும் "டக்" என்று மறுபடி கோக்கும். பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பினால் அந்தச் சத்தம் சேஸிஸ் முழுக்கக் கேட்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எந்தச் சக்கரமும் இன்ஜினை விட வேகமாகப் போகலாம், மெதுவாகப் போகமுடியாது. அதனால் ஒரே ஆக்சிலில் இடது டயர் புதிது, வலது டயர் தேய்ந்தது என்று ஓட்டினால், நேர் ரோட்டிலும் தேய்ந்த டயர் பக்கம் விலகி விலகிக் கோக்கும்.

---

டீசல்வாசம் எழுதியது:

என் அபிப்ராயம்: பின் ஆக்சில் இரண்டிலும் போடுங்கள். ஒருமுறை பிரிக்கும் வேலை, முடித்துவிடலாம். என் வண்டியில் இரண்டிலும் இருக்கிறது, சேறு எனக்கு இப்போது பொருட்டே இல்லை.

---

பழைய ஈஎம்ஈ எழுதியது:

இதில் நான் மாறுபடுகிறேன். டீசல்வாசம் சொல்வது சமதளச் சேற்றுக்குச் சரி. தம்பி இருப்பது கொலராடோ. மலைச் சரிவில் ஒருபக்கம் சாய்ந்த பாதை, மேலே ஐஸ். பூட்டாத ஆக்சிலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது நின்று தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் பக்கவாட்டில் இறங்காது. இரண்டு ஆக்சிலையும் பூட்டினால் பின்னால் எல்லாச் சக்கரமும் சேர்ந்து சுற்றும். சுற்றும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் கிடையாது. வண்டியின் வால் மெதுவாகப் பள்ளத்தாக்குப் பக்கம் போகும். கையில் எடுத்துவிடக்கூடிய பூட்டு என்றால் வேறு. தானாகப் பூட்டும் லாக்கர் என்றால் ஒன்று போதும்.

---

பல்லும்பினியனும் எழுதியது:

ஈஎம்ஈ ஐயா சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எம்35-இன் பின் ஆக்சில் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. நடு ஆக்சிலின் மேல் ஷாஃப்ட் அப்படியே ஊடுருவிக் கடைசி ஆக்சிலுக்குப் போகிறது. அதாவது அந்த இரண்டும் தொழிற்சாலையிலேயே பூட்டித்தான் வந்திருக்கின்றன. அதனால் ஒன்றில் லாக்கர் போட்டாலே, அந்த ஆக்சிலின் எந்தப் பக்கம் பிடிமானம் கிடைத்தாலும் வண்டி நகர்ந்துவிடும். உங்கள் பள்ளத்தில் ஒரே ஒரு லாக்கர் இருந்திருந்தால் வின்ச் தேவைப்பட்டிருக்காது.

முன் ஆக்சிலில் தானியங்கி லாக்கர் வேண்டவே வேண்டாம். இந்த வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. முன்னால் பூட்டிவிட்டால் ஸ்டியரிங் உங்கள் கையை எதிர்த்து நேராகப் போகப் பார்க்கும். முழுக்கத் திருப்பிய நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன் சக்கர ஜாயின்ட் போய்விடும்.

ஷாஃப்ட் உடையுமா என்று அடுத்து கேட்பீர்கள். இன்ஜின் முறுக்கு சுமார் 400 நியூட்டன் மீட்டர். முதல் கியர் சுமார் 5 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) லோவில் சுமார் 2, ஆக்சிலில் 6.72. பெருக்கினால் 27,000 வரும். லாக்கர் இருந்தால் இது முழுக்க ஒரே ஷாஃப்டுக்குப் போக இடமுண்டு. ஆனால் வெற்று வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் முக்கால் டன் பாரம்தான் இருக்கிறது. டயர் 3,000-ஐத் தாண்டும்போதே வழுக்கிவிடும், ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகாது. உடைவது பாரம் ஏற்றியிருக்கும்போது, சக்கரம் வழுக்கமுடியாமல் எங்காவது சிக்கும்போது.

எனக்கு அப்படித்தான் உடைந்தது. பின்னால் தண்ணீர் டேங்க் நிறைய, சுண்ணாம்புக்கல் படி ஒன்றில் வலது சக்கரம் செருகிக்கொண்டது. லோவில் முதல் கியர், மிதித்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். தவறு என்னுடையது, பின்னால் எடுத்துவிட்டுக் கல்லை அடுக்கியிருக்கவேண்டும். ஒரு ஆறுதல்: இது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில், பாரத்தைத் தாங்குவது ஹவுசிங், ஷாஃப்ட் முறுக்கை மட்டும்தான் கடத்துகிறது. உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஹப்பில் நட்டுகளைக் கழற்றி உடைந்த துண்டை உருவிவிட்டு, ஓட்டையைத் தகட்டால் மூடி, மெதுவாக வீட்டுக்கு வந்தேன்.

---

மலைப்பாதை எழுதியது:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் ஐந்து டன் ஆக்சிலை விட்டுவிடுகிறேன். ஒரு லாக்கர் எந்த ஆக்சிலில்? ஏற்றத்தில் பாரம் பின்னால் போகும் என்பதால் கடைசி ஆக்சிலில் போடலாமா?

---

பல்லும்பினியனும் எழுதியது:

கடைசி ஆக்சில்தான், ஆனால் காரணம் அது இல்லை. பின் ஸ்பிரிங் நடுவில் ஒரு முளையில் ஆடுகிறது, இரண்டு முனையும் இரண்டு ஆக்சிலில். தராசு மாதிரி. பாரத்தை இரண்டுக்கும் ஏறக்குறைய சமமாகவே பகிரும். கடைசி ஆக்சிலில் கழற்றவேண்டியது ஒரே ஒரு பிராப்பலர் ஷாஃப்ட், நடு ஆக்சிலில் இரண்டு. வேலை குறைவு என்பதுதான் காரணம்.

டயர் மாற்றும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸின் தகட்டைப் படித்துச் சொல்லுங்கள். 136-21 ஆ, 136-27 ஆ?

---

மலைப்பாதை எழுதியது:

136-21.

---

பல்லும்பினியனும் எழுதியது:

அப்படியானால் ஸ்ப்ராக் வகை, அதாவது ஒரு திசையில் மட்டும் கடிக்கும் கிளட்ச். பின் சக்கரம் வழுக்கினால் முன் ஆக்சில் தானாகவே சேரும், உங்கள் கையில் எதுவும் இல்லை. முன் ஷாஃப்ட் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்படி பல் அமைத்திருக்கிறார்கள், அதனால் சாதாரண ஓட்டத்தில் முன் சக்கரம் முந்திக்கொண்டு சும்மா உருளும். முன் டயர் பின் டயரை விடப் பெரிதாகிவிட்டால் அந்த இடைவெளி போய்விடும். தார் ரோட்டிலேயே ஸ்ப்ராக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் முறுக்கேறும். எல்லா டயரும் ஒரே தயாரிப்பு, ஒரே தேய்மானமாக இருக்கட்டும். சாக்பீஸால் கோடு போட்டு உருட்டி அளந்து பாருங்கள். ரிவர்ஸுக்கு ஸ்ப்ராக்கைத் திருப்பும் லிங்க்கேஜ் சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பாதியில் நின்றால் ரிவர்ஸில் எதையாவது உடைக்கும்.

---

மலைப்பாதை எழுதியது (ஐந்து மாதம் கழித்து):

வேலை முடிந்தது. எழுதாமல் விட்டால் நன்றி மறந்தவன் ஆவேன்.

பின் இரட்டைச் சக்கரத்தை ஒற்றையாக்கி, ஆறும் 11.00ஆர்20. சுமை ஏற்றும் திறன் குறையும் என்று தெரிந்துதான் செய்தேன், விறகுக்கு இது போதும். இடது பக்கச் சக்கரத்தின் ஸ்டட் எல்லாம் இடதுமரை. தலையில் "எல்" என்று குத்தியிருக்கிறது. துருவும் பெயின்ட்டும் மூடியிருந்ததால் முதல் ஸ்டட்டில் அதைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கமாகத் திருகி ஒடித்துவிட்டேன். இந்த வேலை செய்யப்போகிறவர்கள் முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் படியுங்கள்.

டிஃபரன்ஷியல் மேலிருந்து எடுக்கும் வகை. ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவினேன். லாரியின் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, செயின் பிளாக்கில் மொத்தத்தையும் மேலே எடுத்தேன். நான் பயந்த அளவுக்கு இல்லாத ஒரு விஷயம்: லாக்கர் உட்காருவது கீழேயுள்ள சாய்பல் சக்கரத்தில்தான். மேலே கிரவுன் பினியன் கோக்கும் இடத்தைத் தொடவே வேண்டியதில்லை. சைடு பேரிங் இறுக்கத்தை மட்டும் டயல் கேஜ் வைத்து மூன்று முறை சரிபார்த்தேன். புதிய 80-90 கியர் ஆயில். மாட்டியபிறகு ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துக் கியரில் விட்டேன். மனைவி இடது சக்கரத்தைப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் வலதை முன்னால் உருட்டினேன். டக் டக் டக் என்று தளர்ந்து சுற்றியது. மறுபக்கமும் அப்படியே.

நேற்று அதே பள்ளத்துக்குப் போனேன். மழையில் இன்னும் ஆழமாகியிருந்தது. காற்றைக் குறைத்து, லோவில் இரண்டாவது கியர், அதே சாய்வில் இறக்கினேன். முன் இடது சக்கரம் முன்போலவே அந்தரத்தில். வலது பின் சக்கரங்கள் அரைச் சுற்று வழுக்கின; உடனே இடது பக்கம் கடித்து வண்டி ஏறிவிட்டது. மேலே போய் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கடைசி ஆக்சிலின் இடது டயர் போன தடத்தில் மட்டும் மண் படி படியாக வெட்டியிருந்தது, மற்ற தடமெல்லாம் வெறும் உருளல்.

ஹைவேயில் 90-க்கு இன்ஜின் 2400-க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் விலையும் உண்டு. ஏற்றத்தில் முன்பு நாலாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது மூன்றாவதுக்கு இறங்கவேண்டியிருக்கிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பத் தோள் வலிக்கிறது.

அடுத்து பிரேக். என் வண்டிக்கு ஒரே சர்க்யூட், ஒரு குழாய் வெடித்தால் ஆறு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இரண்டாகப் பிரிக்கவேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், டீசல்வாசம் அங்கே வரவேண்டும்.

---

பழைய ஈஎம்ஈ எழுதியது:

மிகவும் சந்தோஷம் தம்பி. எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆக்சிலின் ஆயிலை வடித்து, ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் நிறம் வந்தால் புதுப் பல் பழகுகிறது என்று அர்த்தம். விரலில் உறுத்தும் துண்டு ஏதாவது வந்தால் ஓட்டாதீர்கள், மறுபடி தூக்குங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

செய்கிறேன் ஐயா. வடித்ததும் துணியைப் படம் எடுத்துப் போடுகிறேன்.